மல்லாந்து படுத்த துறவி

காலை 9.10. துறவியின் கையிலிருந்த புறாவைக் காணவில்லை.

உயிருள்ள புறா இல்லை. பிரார்த்தனைக் கூடத்தின் முந்நூறு வருஷப் பழைய ஓவியத்தில், துறவியின் உள்ளங்கையில் உட்கார்ந்திருந்த நீலப் புறா. இன்ஸ்பெக்டர் இதுவரை சைக்கிள், ஆடு, ஒரு மாப்பிள்ளை வரைக்கும் தேடிப் பிடித்திருக்கிறார். படத்துக்குள்ளிருந்து எதுவும் தொலைந்ததில்லை. புகார்ப் படிவத்தில் ‘அடையாளம்’ என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று பேனாவைக் கடித்தார்.

பின்னறை மேசையில் படம் மல்லாந்து கிடந்தது. புறா இருந்த இடத்தில் அழுக்குக் கருப்பு. அங்கிருந்து துறவியின் பாதம் வரை மெல்லிய நீலக்கோடு.

“இந்தப் பொண்ணுதான் சார் துடைச்சே அழிச்சிட்டா!” என்றார் கூடத்துக் காப்பாளர். “மூணு வாரமா சாமியை மல்லாக்கப் போட்டிருக்கா. அதுவும் எச்சிலால துடைச்சு!”

அந்தப் பெண் பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்பவள். இந்தப் பழி நின்றால் இனி ஒரு நாள்காட்டியைக்கூட அவளை நம்பிக் கொடுக்கமாட்டார்கள்.

9.40. விசாரணை.

“எச்சிலா?”

“எங்க தொழில்ல அதுதான் சார் நல்ல மருந்து. அழுக்கு வரும், சாயம் வராது. யாரும் முகம் சுளிக்கக் கூடாதுன்னு கதவைச் சாத்திட்டுத்தான் செய்வேன். முகம்தான் முடிஞ்சிருக்கு. புறா பக்கமே போகலை.”

“படத்தை நிமிர்த்துவீங்களா?”

“ஐயோ, சாயம் உதிர்ந்துடும்!”

பின்னறைக்குச் சாவி மூன்று: காப்பாளரிடம் ஒன்று, அவளிடம் ஒன்று. மூன்றாவது, படத்துக்கு மரச்சட்டம் செய்யும் தச்சரிடம் இருந்தது. “நீங்களும் சட்டம், நானும் சட்டம். என்னோடது மரம், அவ்வளவுதான். நான் இங்க வந்தே பத்து நாளாச்சு சார்.” அது நகைச்சுவை என்று இன்ஸ்பெக்டருக்குப் புரியவே இரண்டு நிமிஷம் ஆனது.

10.25. இன்ஸ்பெக்டர் மேசையை நாலு சுற்றுச் சுற்றினார். தலையும் கூடவே சுற்றியது. கை தவறித் தேநீர் பக்கத்து மேசையில் கொட்டி, குளமாகப் பரவியது. கோடாக ஓடவில்லை.

அவர் தேநீரைப் பார்த்தார். நீலக்கோட்டைப் பார்த்தார்.

“ஐயா,” என்றார் காப்பாளரிடம். “படுத்திருக்கிற படத்துல தண்ணி இப்படி நேரா ஓடாது. யாரோ நிமிர்த்தி வெச்சுக் கழுவியிருக்காங்க. இந்தப் பொண்ணு நிமிர்த்தவே மாட்டா. சாமி மல்லாந்து கிடக்கிறது பொறுக்காதவர் நீங்கதான். சாத்தின கதவுக்குள்ள நடக்கிற எச்சில் வேலை உங்களுக்கு எப்படித் தெரியும்?”

காப்பாளர் தளர்ந்து உட்கார்ந்தார். “நேத்து சாவித்துவாரத்துல பார்த்தேன் சார். சாமி முகத்துல எச்சில்! மனசு கேக்கலை. காலையில வந்து நல்ல தண்ணியால குளிப்பாட்டினேன். புறா துணியோட வந்துடுச்சு. பயந்துபோய்ப் பழியை இவ மேல போட்டுட்டேன்.”

அவள் பூதக்கண்ணாடியோடு குனிந்தாள். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. “இந்தப் படம் எண்ணெய்ச் சாயத்துல வரைஞ்சது சார். தண்ணியில கரைஞ்சா அது எண்ணெய்ச் சாயமே இல்லை. புறாவை யாரோ பிற்காலத்துல மேல வரைஞ்சிருக்காங்க. அடியில கை பத்திரமா இருக்கு. மேல வெறும் அழுக்குதான்.”

“அப்ப நாற்பது வருஷமா நான் கும்பிட்ட புறா?” என்றார் காப்பாளர்.

இன்ஸ்பெக்டருக்குக் குற்றவாளி கிடைத்துவிட்டார். குற்றம்தான் கைநழுவிவிட்டது.

“அந்தக் கையை நீ எதால துடைப்பேம்மா?” என்று அவளிடம் கேட்டார் காப்பாளர்.

அவள் தயங்கினாள். “எச்சிலாலதான் ஐயா.”

காப்பாளர் ஒரு கணம் கண்ணை மூடினார். எழுந்து வெளியே போய், டம்ளர் நிறையத் தண்ணீரோடு திரும்பினார். இன்ஸ்பெக்டர் பதறிப்போய்ப் படத்துக்குக் குறுக்கே பாய்ந்தார்.

“படத்துக்கு இல்லை சார்.” காப்பாளர் டம்ளரை அவளிடம் நீட்டினார். “குடிம்மா. வாய் காய்ஞ்சிருக்கும்.”