இரண்டு கையாலும் ஒரு ‘வாங்க’

மான்கள் அவர்களைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. குமரப்பனுக்கு முதலில் உறுத்தியது அதுதான். படகு திட்டில் முட்டி நின்று, ஆளுக்கொரு ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பன்னிரண்டு பேரும் இறங்கிய சத்தத்துக்கு எந்த மானும் துள்ளி ஓடியிருக்க வேண்டும். கல்லெறி தூரத்தில் நின்ற இருபது முப்பது புள்ளிமான்களும் வாலைக்கூட ஆட்டாமல், ஒரே பக்கமாக முகத்தை வைத்துக்கொண்டு ஓர் உடைமரப் புதரைப் பார்த்துக்கொண்டிருந்தன. புதரில் ஒன்றும் இல்லை.

அவருடைய வலது கைக்குள் உமையாளின் இடது கை இருந்தது. மாதக்கணக்கில் அது அங்கேதான் இருக்கிறது. சித்திரையில் மூளையில் கடுகளவு ரத்தம் கட்டி, அவளுக்குப் பேச்செல்லாம் போய், ‘அப்புறம்’ என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருந்தது. சோறு போட்டாலும் அப்புறம், ஊசி போட்டாலும் அப்புறம். ஆவணியில் ஒருநாள், அவர் பால் வாங்கித் திரும்புவதற்குள், நடந்தே ஸ்டேஷனுக்குப் போய் ராமேஸ்வரம் ரயிலில் ஏறிவிட்டாள். மானாமதுரையில் கண்டுபிடித்தபோது முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தோடு உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இப்படி ஒரு நல்ல பேச்சுத்துணை கிடைத்ததே இல்லை என்று அந்தக் குடும்பம் சொன்னது.

அன்று இரவு சிங்கப்பூரிலிருந்து மகன் முத்துராமன் பேசினான். “அப்பச்சி, இன்னொரு தடவை ஆத்தாவைத் தொலைச்சீகன்னா நான் கேட்டுக்கிட்டு இருக்க மாட்டேன். சென்னையில ஒரு ஹோம் பாத்து வச்சிருக்கேன். கொண்டுபோய் விட்டுருவேன்.”

அதிலிருந்து கையை விடுவதில்லை. தூங்கும்போதும் விடுவதில்லை. வீட்டுக்குள்ளேயே கிடந்தால் இரண்டு பேருக்கும் ஆகாது என்று இந்த ஒருநாள் சஃபாரிக்குப் பணம் கட்டியதும் அதே மகன்தான். குமரப்பன் சரி என்றார். பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் இருக்குமே, அப்படித்தான் இருந்தது அவருக்கு உள்ளே எல்லாம். கடித்தாலும் தெரியாது.

காரைக்குடியில் வேன் ஏறி, நாட்டரசன்கோட்டைக்கு அங்குட்டு ஒரு பெரிய கண்மாயில் இறங்கி, படகில் கால் மணி நேரம். நடுக்கண்மாயில் நாற்பது ஏக்கர் திட்டு. வாசலில் ஒரு சிங்கம், சிமெண்டில். அதன் வாய்க்குள் குப்பை போட வேண்டும். உயிரோடு இருந்தவை ஒட்டகம் ஒன்று, ஈமு பதினொன்று, எண்ணிக்கை தெரியாத மான்கள்.

கூட்டிப்போகிறவள் பாண்டீஸ்வரி. நாற்பது வயது, சேலைக்கு மேல் காக்கிச் சட்டை, கையில் மைக். பஸ் ஸ்டாண்டு அறிவிப்புக் குரலில் ஒப்பித்தாள்:

“கேட்டுக்கங்க. நாஞ் சொல்லாம வண்டிய விட்டு இறங்கக் கூடாது. எதுக்கும் தீனி போடக் கூடாது. திட்டுல ஆளு யாரும் நின்னா பேச்சுக் கொடுக்கக் கூடாது. திட்டுல ஆளு யாரும் கிடையாது.”

“கிடையாதுன்னா எப்படிம்மா நிப்பாக?” என்றார் கூட்டத்தில் முன்னால் நின்ற சத்தியப்பிரியா டீச்சர். எல்லோரும் சிரித்தார்கள்.

“அடுத்தது, பிளாஸ்டிக் போடக் கூடாது” என்றாள் பாண்டீஸ்வரி.

படகை ஓட்டிவந்த மலையாண்டியே டிராக்டரையும் ஓட்டினான். பின்னால் கம்பிவலை அடித்த பெட்டி, தகரக் கூரை, நான்கு பெஞ்சு. டீசல் புகையும் காய்ந்த கோரைப்புல் வாசமும் கண்மாய்ச் சேற்றின் பச்சை நாற்றமும் கலந்து மூக்கில் ஏற, தகரம் வெயிலில் விரிந்து மளுக் மளுக்கென்று சொடக்குப் போட, வண்டி திட்டைச் சுற்றியது. ஈமுக்கள் நின்றன. ஒட்டகம் நின்றது. எதுவும் மேயவில்லை. வண்டி எந்தப் பக்கம் போனாலும் எல்லாம் எங்கோ ஓரிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்த இடம் வண்டியோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டிருந்தது.

“உமையா, ஒட்டகம் பாரு.”

“அப்புறம்?” என்றாள் உமையாள்.

மதியம் ஒரு தகரக் கொட்டகையில் இறக்கிவிட்டுப் புளியோதரைப் பொட்டலம் கொடுத்தார்கள். மலையாண்டி டிராக்டரை அணைத்தான். அப்போதுதான் குமரப்பனுக்குக் கேட்டது, அதாவது ஒன்றுமே கேட்கவில்லை. பன்னிரண்டு பொட்டலம் பிரித்தும் ஒரு காக்கா வரவில்லை. ஓர் ஈ வரவில்லை. புளியோதரையில் நல்லெண்ணெய் வாசம்கூட எழவில்லை. வாயில் போட்டால் மட்டும் புளித்தது.

அவளுக்கு ஊட்டிவிட்டு, கை கழுவக் கூட்டிக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் குழாயடிக்குப் போனார். பத்தடி தள்ளி வேலமரத்தின் கீழ் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். வெயில் கண்ணில் அடித்ததால் முகம் பிடிபடவில்லை. ஆணா பெண்ணா என்பதும் சரியாகத் தெரியவில்லை. ஆனால் நிற்கிற விதம் குமரப்பனுக்கு நன்றாகத் தெரிந்த விதம். கல்யாண வீட்டு வாசல்வரை வந்துவிட்டு, உள்ளிருந்து யாராவது ஒருத்தர் ‘வாங்க’ என்று கேட்கட்டும் என, வேறெங்கோ பார்க்கிற பாவனையில் நிற்பார்களே, அது.

குமரப்பனின் ஆட்களில் வீட்டுக்கு வந்தவரை ‘வாங்க’ என்று கேட்டாக வேண்டும். வீட்டில் பத்துப் பேர் இருந்தால் பத்துப் பேரும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒருவர் விட்டுவிட்டாலும் அது பேத்தி கல்யாணம்வரை பேசப்படும். முத்துராமன் கல்யாணத்தில் உமையாளின் அண்ணன் பெத்தாச்சியை வாசலிலேயே நின்று கேட்டார் குமரப்பன். கேட்டதற்குச் சாட்சி உண்டு. ஆனால் ஒரு கையில் சந்தனக் கிண்ணம் இருந்தது. “ஒத்தைக் கையால கேட்டாரு” என்று சொல்லிவிட்டு இலையில் உட்காராமல் போன மனிதர் பதினோரு வருஷம் படியேறவில்லை. தங்கைக்கு உடம்பு முடியாமல் போனபோதுகூடத் தெருமுனையில் காரில் இருந்தபடியே அழுதுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு யாரைக் கண்டாலும் குமரப்பனுக்குக் கையில் இருப்பது தானாகக் கீழே போய்விடும். குடை, காபி டம்ளர், ஒருமுறை பேரனின் பிறந்தநாள் கேக். இரண்டு கையும் கூப்பித்தான் கேட்பார்.

வாய் முந்திக்கொண்டது.

“வாங்க, வாங்க.”

இரண்டு கையும் கூப்பியிருந்தது.

நின்றவர் தலையை ஒருமுறை ஆட்டினார். கேட்டதை ஏற்றுக்கொள்கிற தலையாட்டல். அவ்வளவுதான். வெயிலில் கண் கூசி, இமைத்துத் திறந்தபோது மரத்தடியில் யாரும் இல்லை. கை. கையை விட்டுவிட்டோம். திரும்புவதற்குள் அவருடைய வலது கைக்குள் ஒரு கை வந்து புகுந்துகொண்டது. கத்திரிப்பூ நிறச் சேலை. மூக்குத்தி. உமையாள்தான்.

“வெயிலு ரொம்பத்தான்” என்றாள்.

கொட்டகைக்கு எப்படி வந்தார் என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் வந்து உட்கார்ந்து, சாப்பிட்ட இலைகளை மடக்கி எடுத்தாள். டீச்சரிடம் எந்தப் பள்ளிக்கூடம் என்று விசாரித்தாள். டீச்சர் வாயைப் பிளந்தார். “ஆச்சிக்குப் பேச்சு வராதுன்னு சொன்னீக? காத்து மாறுனதுல வந்துருச்சு பாத்தீகளா!” பெட்டியில் ஏறியதும் நாலு பேர் கைதட்டினார்கள். பாண்டீஸ்வரி மட்டும் மைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

குமரப்பன் சந்தோஷப்பட முயன்றார். மரத்த இடத்தில் கிள்ளிப் பார்ப்பது போல இருந்தது. அவள் பேசிக்கொண்டே வந்தாள். கல்யாணத்தன்று பெய்த மழை. ஆத்தங்குடியில் அவர்கள் இருவருமாகப் போய் வீட்டுத் தரைக்குப் பூக்கல் பார்த்தது, அவர் பச்சை வேண்டும் என்றும் அவள் சிவப்பு வேண்டும் என்றும் சண்டை போட்டது. எல்லாம் சரி. ஒரு வார்த்தை பிசகவில்லை. காலையில் அவர் கோணலாகக் கட்டிவிட்ட சேலைக் கொசுவம்கூட இப்போது நூல் பிடித்தாற்போல நேராக இருந்தது.

தைல வாசம் இல்லை.

தினமும் காலையில் அவள் தோளில் அவர் தேய்க்கிற தைலம். இரண்டு நாளானாலும் போகாத வாசம். அதற்குப் பதில் ஈரமான சாக்கு நாற்றம் லேசாக வந்தது. கண்மாய்க் காற்றாக இருக்கும். கையைப் பார்த்தார். வியர்வை இல்லை. அந்த மணிக்கட்டில் நாடி அடித்தது. தன் நெஞ்சு அடித்தபோதெல்லாம் அடித்தது. பயத்தில் இவருக்குப் படபடத்தது. அதுவும் படபடத்தது. மூச்சைப் பிடித்து அடக்கினார். அதுவும் அடங்கிற்று.

வண்டி போகிற வழியெல்லாம் மான்கள் இப்போது புல் மேய்ந்துகொண்டிருந்தன. சாதாரணமாக.

ஒரு கேள்வி இருந்தது. ஆவணியிலிருந்து அவர் தினமும் அவளிடம் கேட்டு, ‘அப்புறம்’ என்று பதில் வாங்கிய கேள்வி. அவருக்கு விடை தெரியாத ஒரே கேள்வி.

“உமையா, அன்னைக்கு ராமேஸ்வரம் வண்டியில ஏறுனியே, எங்க போகப் பாத்த?”

அவள் சிரித்தாள். அழகாகத்தான் சிரித்தாள். கை ஒரு சுற்று இறுகியது.

“நீங்க என்னன்னு நினைக்கிறீக?”

நாலரை மணிக்குப் படகடிக்கு வந்தார்கள். பாண்டீஸ்வரி ஜாக்கெட்டை ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். பன்னிரண்டும் தீர்ந்தது. உமையாள் வாங்கித் தானே மாட்டி, தானே பொத்தானைப் போட்டாள். மலையாண்டி இஞ்சினை இழுத்துவிட்டுத் திட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். பாண்டீஸ்வரியும் அப்படியே. இருவரும் பழகிப்போனவர்கள் மாதிரி உட்கார்ந்தார்கள்.

படகு இருபதடி போயிருக்கும். குமரப்பன் திரும்பிப் பார்த்தார்.

கரையில் கத்திரிப்பூ நிறச் சேலை.

கொசுவம் கோணல். இடது கை இடுப்புக்குப் பக்கத்தில், யாரோ பிடித்திருப்பது போல, கொஞ்சம் தூக்கினாற்போல நின்றது. அவள் அழவில்லை. கூப்பிடவில்லை. அவர் வருவார் என்று நிற்கிறவள் மாதிரி நின்றாள்.

“அம்மா.” முன்னால் குனிந்து பாண்டீஸ்வரியின் சட்டையைத் தொட்டார். “ஒரு ஆளு விட்டுப்போச்சு. படகத் திருப்பச் சொல்லுங்க.”

“எண்ணிட்டேன் ஐயா. பன்னெண்டு.”

“என் வீட்டுக்காரி அங்க நிக்கிறா.”

“ஆச்சி உங்க பக்கத்துல இருக்காக.” அவள் திரும்பவில்லை. மைக் இல்லாத குரல், தாழ்ந்து வந்தது. “படகுல வச்சு இப்படிக் கேக்குறவுக உண்டுங்கய்யா. வீட்டுக்குப் போனப்புறம் போன் பண்ணிக் கேட்டவுக இதுவரைக்கும் ஒருத்தரும் இல்ல.”

மலையாண்டி இஞ்சினைக் கூட்டினான்.

போன் அடித்தது. முத்துராமன். அவர் சட்டைப்பையைத் தொடுவதற்குள் அவள் எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டாள்.

“முத்துராமா, சாப்பிட்டியாப்பா?”

“ஆத்தா?” என்றான். “ஆத்தா... நீயா பேசுற?” நாற்பது வயது ஆள் போனுக்குள் உடைந்து அழுதான். “அப்பச்சி! அப்பச்சி, இருக்கீகளா? எப்படி அப்பச்சி? சொல்லுங்க அப்பச்சி!”

சொல்ல வேண்டும். இது இல்லை, அங்கே நிற்கிறவள்தான் உன் ஆத்தா என்று சொல்ல வேண்டும். வாய் திறந்தது. கைக்குள் இருந்த கை இறுக்கவில்லை, நெரிக்கவில்லை. சும்மா இருந்தது. எழுந்து குதிக்கலாம். கத்தலாம். எட்டு மாதம் ஊட்டியது, கழுவியது, கட்டிவிட்டது, தூக்கத்தில் கை நழுவி அலறி எழுந்தது. கன்னம் மரத்திருந்தது.

“இருக்கேம்ப்பா” என்றார் குமரப்பன். “ஆத்தாதான் பேசுறா.”

கரையில் அவள் நடக்கத் தொடங்கினாள்.

தண்ணீரில் இறங்கினாள். கணுக்கால். முழங்கால். வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இடுப்பு. சேலை மிதக்கவில்லை. நெஞ்சு. அவளுக்கு நீச்சல் தெரியாது. கழுத்து. அதற்கு மேல் முங்கவில்லை; நெற்றியில் காலையில் அவர் வைத்துவிட்ட குங்குமத்தோடு தலை மட்டும் அவர் பக்கமாக நகர்ந்து வந்தது.

அவளுக்குப் பின்னால் கோரை விலகியது. இன்னொரு தலை. நரைத்தது. அடுத்து ஒன்று, வகிடெடுத்தது. கண்ணாடி போட்ட ஒன்று. பக்கத்தில் இரண்டு. பத்து. இருபது. ஒன்றின் முடியும் நனைந்திருக்கவில்லை. மஞ்சள் வெயிலில் கண்மாய் பளிங்காகக் கிடந்தது, ஓர் அலைகூட எழவில்லை, கோரைக்குள்ளிருந்து தலைகள் இன்னும் வந்துகொண்டிருந்தன, போனுக்குள் முத்துராமன் சந்தோஷத்தில் விம்மிக்கொண்டிருந்தான்.