பேச்சாளர் ஒன்று

மொழித்துறை அறிவிப்புப் பலகைக்கு முன்னால் அப்படி ஒரு கூட்டத்தை அவள் பார்த்ததே இல்லை. தேர்வு முடிவு ஒட்டினால்கூட நாலு பேர்தான் நிற்பார்கள். இன்று பத்துப் பதினைந்து பேர்... அதுவும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு!

குடையை மடக்கிவிட்டு, ஈரம் சொட்டச் சொட்ட அவளும் எட்டிப் பார்த்தாள். ‘இந்த வாரத்தின் சிறந்த பயிற்சி’ என்று தலைப்பு. கீழே தட்டச்சு செய்த இரண்டு தாள்கள். ஜனங்கள் இயல்பாகப் பேசுவதைப் பதிவு செய்து, ஒரு ‘ம்’ கூட விடாமல் அப்படியே எழுத்தில் இறக்க வேண்டும். மொழியியல் மாணவர்களுக்குப் பருவத்துக்கு ஒருமுறை இந்த வேலை உண்டு. பேசியவரின் பெயரைப் போடக் கூடாது, எண்தான் போட வேண்டும்.

பேச்சாளர் 1: ஆமாப்பா... லேப்லதான் இருக்கேன்.

பேச்சாளர் 1: சத்தமா? அது... அது வந்து... மழை இல்லப்பா, மெஷின். பெரிய மெஷின்.

பேச்சாளர் 1: சாப்டீங்களாப்பா?

“பெரிய மெஷினாம்! பாவம் அந்த அப்பா!” என்றாள் ஒருத்தி. கூட்டம் மறுபடியும் சிரித்தது.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. ஏனென்றால் பேச்சாளர் ஒன்று... அவளேதான்!

அப்பாவுக்கு ஊரில் மருந்துக்கடை. மகள் மருந்தியல் படித்துவிட்டு வந்து கடையைப் பார்த்துக்கொள்வாள் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். “படிச்சா மருந்து படி, இல்லன்னா வீட்டுக்கு வந்துடு” என்று அனுப்பும்போதே சொன்னவர். மகளோ முதல் பருவத்திலேயே மருந்தியலை விட்டு மொழித்துறையில் கதை, கட்டுரை எழுதும் வகுப்புக்குத் தாவிவிட்டாள். பதினெட்டு முடிந்திருந்ததால் விண்ணப்பத்தில் அவள் கையெழுத்தே போதுமாயிருந்தது. ஐந்து மாதமாக அப்பாவுக்குத் தெரியாது. ஐந்து மாதமாக அவளுக்கும் சரியான தூக்கம் இல்லை.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்ச் சரக்கென்று தாள்களைக் கிழித்தாள்.

“ஹலோ... ஹலோ! அது என்னோடது!”

திரும்பினாள். நெடுநெடுவென்று ஒருவன். கழுத்தில் ஹெட்போன். மேல்மாடி மொழியியல் மாணவன். எந்நேரமும் எதையாவது கேட்டுக்கொண்டே நடப்பதால் துறையில் எல்லோரும் அவனைக் ‘காது’ என்றுதான் கூப்பிடுவார்கள். இவள் கீழ்த்தளம், இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

“உங்களோடதா? இதுல நீங்க சொந்தமா எழுதின ஒரு வார்த்தைய காட்டுங்க பாப்போம்!”

அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான்... திறந்தபடியே நின்றான். கண்கள் மெல்ல மெல்லப் பெரிதாயின. கறுகறுவென்று, மழையில் கழுவி வைத்த மாதிரி கண்கள். அந்தக் கண்களில் திருட்டுமுழியும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது. இரண்டும் எப்படிச் சேர்ந்து இருக்க முடியும் என்று அவளுக்குப் புரியவில்லை.

“நீங்க... நீங்களா அது?”

“கத்தாதீங்க!” அவன் சட்டைக் கையைப் பிடித்து மாடிப்படிக்கு அடியில் இழுத்துக்கொண்டு போனாள். “யார கேட்டு என் பேச்ச எடுத்தீங்க?”

“பஸ் ஸ்டாப் நிழற்குடை பெஞ்சுல ரெக்கார்டர வெச்சு, ‘இங்கே பேச்சுப் பதிவு நடக்கிறது’ன்னு பெரிசா எழுதி ஒட்டிட்டு, எதிர்க் கடைல நின்னேன். நான் பக்கத்துல இருந்தா யாரும் இயல்பா பேச மாட்டாங்க. அன்னிக்குன்னு பாத்து மழை... எதிர்ப்பக்கம் யார் உக்காந்திருக்காங்கன்னே தெரியல, காகிதமும் அடிச்சிட்டுப் போயிடுச்சு. திரும்பி வந்தா யாருமே இல்ல. அறைக்குப் போய்க் கேட்டா... போன்ல பேசற உங்க குரல் இருக்கு.”

“பேசினவங்க கையெழுத்து வேணாமா?”

“வேணும்.” அவன் தலை தொங்கியது. “ஒப்புதல் சீட்டு அப்புறம் தர்றேன்னு மேடம்கிட்ட சொல்லிட்டேன். அவங்க நம்பிப் பலகைல போட்டுட்டாங்க. நானும் ஒரு வாரமா நிழற்குடைலயே நின்னு உங்களத் தேடறேன். முகம் தெரியாம குரல மட்டும் வெச்சுக்கிட்டு ஆளத் தேடறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? போற வர்றவங்ககிட்ட எல்லாம் மணி கேட்டேன்!”

சிரிப்பு வந்தது. அடக்கினாள். இப்போதா சிரிக்கிற நேரம்?

“இன்னும் ஒண்ணு...” என்று தயங்கினான். “சனிக்கிழமை பெத்தவங்க கல்லூரிய வந்து பாக்கற பார்வை நாள் இல்லையா... பெரிய ஹால்ல எங்க மேசைல இந்தப் பதிவத்தான் ஹெட்போன்ல போட்டுக் காட்டப் போறாங்க.”

சனிக்கிழமை அப்பா வருகிறார். ‘உன் லேப்பப் பாக்கணும்மா’ என்று நேற்றுத்தான் போனில் சொன்னார். அதே ஹாலில், ஒரு பக்கம் மருந்தியல் மேசை. மறுபக்கம் மொழித்துறை மேசை!

“அழிச்சிடுங்க.”

“சரி.”

ஒரு வாதம் இல்லை, கெஞ்சல் இல்லை. சும்மா ‘சரி’. அவள் கொஞ்சம் திகைத்துத்தான் போனாள். அதோடு அவன் நிறுத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்...

“ஆனா அப்பாகிட்ட உண்மைய சொல்லிடுங்களேன். உங்களுக்குப் பொய் சொல்ல வரல.”

சுருக்கென்றது. “பத்து நிமிஷம் ஒட்டுக்கேட்டுட்டு என்னப் பத்தி எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசாதீங்க. உங்க வேலையப் பாருங்க!”

விறுவிறுவென்று மழையில் இறங்கி நடந்தாள். குடை அறிவிப்புப் பலகைக்கு அடியிலேயே கிடந்தது. திரும்பிப் போய் எடுக்க ரோஷம் விடவில்லை.

இரண்டு நாள் போனது. விடுதி அறையில் அவள் அப்பாவுக்குக் கடிதம் எழுதிப் பார்த்தாள். ‘அன்புள்ள அப்பாவுக்கு’ வரை பிரமாதமாக வந்தது. அதற்கப்புறம் ஒரு வரி நகரவில்லை. கட்டுரையும் கதையும் எழுதப் படிக்கிறவளுக்கு அப்பாவுக்கு நாலு வரி எழுத வரவில்லை! கிழித்துப் போட்ட தாள்களைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

“சேதி தெரியுமா?” என்று வந்தாள் அறைத்தோழி. துறையில் நடப்பது எதுவும் இவள் வாயில் தங்காது. அதனாலேயே ‘ரேடியோ’ என்று பெயர். “அந்தக் காது இருக்கானே... அவன் பதிவு செல்லாதுன்னு ஆயிடுச்சாம். யாரோ கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாங்களாம். திங்கட்கிழமைக்குள்ள புதுசா ஒண்ணு தரலன்னா இந்தப் பருவமே போச்சாம். மழைல நிழற்குடைல உக்காந்து பாக்கறவங்க கிட்டயெல்லாம் சீட்ட நீட்டிட்டு இருக்கான். பைத்தியம்!”

“யாருன்னு சொன்னானா?”

“அதான் வாயே திறக்க மாட்டேங்கறானே!”

அவள் செருப்பை மாட்டினாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

நிழற்குடைத் தகரத்தில் மழை தடதடத்துக்கொண்டிருந்தது. அவன் மட்டும் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் சட்டென்று ரெக்கார்டரை நிறுத்தினான்.

“இது... நீங்க வந்தா ஓடக் கூடாதுன்னு.”

“ஏதாவது தேறிச்சா?”

“எங்க! கையெழுத்து வாங்கினதும் எல்லாரும் செய்தி வாசிக்கற மாதிரி பேசறாங்க. ஒரு பெரியவர் வணக்கம் சொல்லித் தொடங்கி நன்றி சொல்லி முடிச்சார்.” பெஞ்சின் கீழிருந்து எதையோ எடுத்து நீட்டினான். அவளுடைய குடை. “பலகைகிட்ட இருந்துச்சு.”

வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவில் இன்னும் இரண்டு பேர் உட்காரலாம்... அவ்வளவு இடைவெளி.

“ஏன் மருந்து பிடிக்கல?” என்று கேட்டான், மெதுவாக.

“பிடிக்கலன்னு இல்ல. கடைல நின்னா வர்றவங்க வலிய சொல்லுவாங்கல்ல... ஒருத்தர் குத்துதும்பார், ஒருத்தர் குடையுதும்பார், ஒரு அம்மா, உள்ள யாரோ துணி பிழியற மாதிரி இருக்கும்பாங்க. அப்பா மாத்திரைய எடுக்கப் போவார். நான் அந்த வார்த்தைய நோட்டுல எழுதி வெச்சுப்பேன். மருந்து பேர் எழுதறேன்னு அவர் நினைச்சுட்டார்.” குரல் இறங்கியது. “எவ்வளவு பெருமையா நினைச்சுட்டார் தெரியுமா...”

“அன்னிக்கு நான் அப்படி சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க. பொய் சொல்றீங்கன்னு குத்திக்காட்டல. அந்தப் பதிவுல எனக்குப் பொய் கேக்கல.”

“பின்ன?”

“ஒவ்வொரு பொய்யும் சொல்லி முடிச்ச உடனே ‘சாப்டீங்களாப்பா’ன்னு கேக்கறீங்க. பத்து நிமிஷத்துல ஏழு தடவை. பயந்து பேசறவங்க சட்டுனு போன வெக்கத்தான் பாப்பாங்க. நீங்க வெக்கவே இல்ல.”

அவளுக்குத் தெரியவே தெரியாது. ஏழு தடவையா? தன் வாயிலிருந்து வந்ததையே இன்னொருவன் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறதே... கண் நிறைந்துவிட்டது. மழையைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவனும் அதைப் பார்க்காததுபோல் ரெக்கார்டரைத் துடைத்துக்கொண்டே இருந்தான். இவன் நல்லவன், என்று அவள் மனசு சொன்னது. கூடவே பயமும் வந்தது. ஏற்கெனவே இருக்கிற பயம் போதாதா!

“நிஜமாவே அழிச்சிட்டீங்களா?”

“மேடம் கம்ப்யூட்டர்லேர்ந்து எடுத்துட்டேன். என்கிட்ட ஒண்ணு இருக்கு. அழிக்கத்தான் தினமும் எடுக்கறேன்...” மேலே சொல்லாமல் நிறுத்தினான்.

சனிக்கிழமை காலை. அப்பா இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் வாசலில் நின்றார். அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது. “எங்கம்மா உன் மேசை? வா வா!”

ஹாலின் நடுவில் வந்ததும் கால் நின்றுவிட்டது. இடது பக்கம் வெள்ளைக் கோட்டுகள், கண்ணாடிக் குடுவைகள். அப்பா அங்கேதான் திரும்பினார். வலது பக்கம் கடைசியில் ஒரு மேசை. ஹெட்போன் சும்மா கிடக்க, ‘பதிவு இல்லை’ என்ற அட்டைக்குப் பின்னால் அவன் உட்கார்ந்திருந்தான். போன பருவம் கூடப் படித்த யாராவது அப்பாவிடம் ‘அவ போயிட்டாளே அங்கிள்’ என்று சொல்லிவிட்டால்? இன்னும் நாலடி... மூன்றடி...

“அப்பா, அங்க இல்ல. இந்தப் பக்கம்.”

மேசைக்கு வந்தாள். இரவெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் ஒன்றுகூட வரவில்லை. அவனைப் பார்த்து, “சீட்டு குடுங்க” என்றாள்.

அவன் எழுந்து நின்றுவிட்டான். “வேணாம். திங்கட்கிழமை பேச இன்னொருத்தர் ஒத்துக்கிட்டிருக்கார். எனக்காகப் போடாதீங்க.”

“உங்களுக்காக இல்ல. குடுங்க.”

கையெழுத்துப் போட்டாள். பலகையிலிருந்து கிழித்த இரண்டு தாள்களையும் பையிலிருந்து எடுத்து அப்பாவின் முன்னால் வைத்தாள். அவன் தன்னிடம் மிச்சமிருந்த பதிவை ஓட விட, ஹெட்போனை எடுத்து அப்பாவின் காதில் மாட்டினாள். “கேளுங்கப்பா. என்னால நேர்ல சொல்ல முடியல.”

பத்து நிமிஷம். வாழ்க்கையில் அவ்வளவு நீளமான பத்து நிமிஷம் அவள் கண்டதில்லை. அப்பாவின் முகம் முதலில் சிரித்தது, மகள் குரலாயிற்றே! அப்புறம் புருவம் சுருங்கியது. தலையை நிமிர்த்தி, ‘மொழித்துறை’ என்ற பலகையைப் படித்தார். மருந்தியல் மேசையைப் பார்த்தார். மறுபடி தாள்களின் மேல் குனிந்துகொண்டார். கூட்டிக்கொண்டு போய்விடுவார்... இன்றே, அடுத்த பஸ்ஸிலேயே... அவள் மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா ஹெட்போனைக் கழற்றி மெதுவாக வைத்தார்.

“எத்தன மாசமா?”

“அஞ்சு மாசமாப்பா.”

“கடைக்கு யாரு?”

அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று இறங்கியது.

“இத்தன தடவை சாப்டீங்களான்னு கேட்டிருக்க.” அப்பா தாள்களை மறுபடி ஒருமுறை பார்த்தார். “அன்னிக்கு நான் சாப்பிடவே இல்லம்மா. கடைல கூட்டம். ஒவ்வொரு தடவையும் சாப்டேன் சாப்டேன்னு நானும் பொய்தான் சொன்னேன்.”

“அப்பா...”

“கோபம் இருக்கு. இல்லன்னு சொல்ல மாட்டேன். என்கிட்ட சொல்ல முடியாத அளவுக்கு நான் என்ன செஞ்சேன்னு ஊருக்குப் போற வரைக்கும் யோசிப்பேன். ஆனா நீ இங்கயே படி. இனிமே மெஷின் கிஷின்னு கதை மட்டும் விடாத.” கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினார். “தம்பி, இத ஒரு மூச்சு கூட விடாம எழுதியிருக்கீங்களே. எத்தன தடவை கேட்டீங்க?”

“நாப்பது தடவை இருக்கும் சார்.”

“எழுதறதுக்கு அத்தனை தேவைப்படுமா?”

“எழுதறதுக்கு... பத்து தடவை போதும் சார்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன. அப்பா அவனை மேலும் கீழும் பார்த்தார், மகளைப் பார்த்தார். “கேன்டீன் எங்க இருக்கு? எனக்கு நிஜமாவே பசிக்குது” என்று முன்னால் நடந்தார்.

அவள் நகரவில்லை. நெஞ்சு மறுபடி படபடவென்று... இது வேறு படபடப்பு.

“மீதி முப்பது தடவை எதுக்குக் கேட்டீங்க?”

“முகம் கூடத் தெரியாதே... அதனால குரல மட்டும்...” திணறினான். அப்புறம் நேராக அவள் கண்ணைப் பார்த்தான். “பிடிச்சிருந்தது. இப்போ முகமும் தெரிஞ்சு போச்சு. இன்னும் மோசமா பிடிச்சிருக்கு. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். இன்னிக்கு உங்களுக்கு இதுவே...”

“எனக்கும் உங்கள பிடிச்சிருக்கு” என்றாள் அவள். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக, சொல்லிவிட்டுப் பயப்படவில்லை.

வாசலில் நின்று அப்பா திரும்பிப் பார்த்தார். “ரெண்டு பேரும் வர்றீங்களா, இல்ல நான் மட்டும் சாப்பிடட்டுமா?”