அசையாத ஏரி

அன்று காலை எர்மெக் அவளுக்குத் தேநீர் ஊற்றினான். எப்போதும்போல அரைக் கிண்ணம்தான்.

"ஆறிடும், குடி. நான் போய் ரொட்டி வாங்கிட்டு வந்துடறேன்."

கதவோரம் குனிந்து காலணி மாட்டும்போது ஒரு கை சுவரைப் பிடித்திருந்தது... அதையெல்லாம் யார் கவனிக்கிறார்கள்?

"எள்ளு தூவினது வாங்கு" என்றாள் புருல்சா.

"எள்ளு இல்லாம என்னிக்கு வாங்கிட்டு வந்திருக்கேன்?"

கதவு சாத்திக்கொண்டது. தந்தூர்க் கடை வரிசையில், அவன் முறை வருவதற்கு முன்பே, இதயம் நின்றுவிட்டது.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் எப்படிப் போனான் என்றுதான் கேட்டார்கள். எப்படி வந்தான் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தையே ஒரு சண்டை.

"யாரு என் கோட்டை உடைச்சது?"

*

பல வருஷங்களுக்கு முன், அவர்கள் சந்தித்த அன்று, கரகோல் நகரத்தில் விடியும் முன்பே பிடித்த மழை, விடவே இல்லை. புருல்சா பிஷ்கெக்கிலிருந்து இரவு வண்டியில் வந்து இறங்கியிருந்தாள். கையில் ஒரு சின்ன மெத்தை. அக்கா சைகலின் குழந்தைக்கு அன்று தொட்டில் விழா. ஊர் கஷ்கா-புலாக், மலையடிவாரத்தில். அங்கே போகும் வேன் மதியமாகியும் வந்தபாடில்லை. மெத்தை நனைந்துவிடும் என்று பக்கத்தில் திறந்திருந்த முதல் கதவுக்குள் நுழைந்தாள்.

நீர்நிலைக் கண்காணிப்பு அலுவலகம். வராண்டாவில் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர். திரையில் ஒரு கிராஃப். 'தெகே ஏரி, நீர்மட்டம்.' கஷ்கா-புலாக்குக்கு நேர் மேலே, பனிப்பாறையின் காலடியில் இருக்கும் ஏரி அது.

முதலில் சும்மாதான் பார்த்தாள். பிறகு பார்வையை எடுக்க முடியவில்லை.

அவளுக்கும் அதுதான் வேலை. பிஷ்கெக்கில் நிலநடுக்க ஆய்வகத்தில் உட்கார்ந்து கிராஃப் வரையும் ஸ்கிரிப்ட் எழுதுகிறவள். எண்களைக் கொடுத்தால் கோடு போடும் வரிகள். அந்த வரிகளில் ஒன்று பிசகினால் கோடு எப்படியெல்லாம் கோணிக்கொள்ளும் என்று அவள் கண்ணுக்குத் தெரியும். இந்தக் கோடு கோணவில்லை. அதுதான் பயமாக இருந்தது. காலையிலிருந்து மெல்ல மெல்ல நெளிந்து ஏறிய கோடு, முற்பகலுக்குப் பிறகு ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி நேராக, அசையாமல்...

வெளியே வானம் கொட்டிக்கொண்டிருந்தது.

கீபோர்டு மேஜைமேலேயே இருந்தது. கேட்க ஆளில்லை. அவள் ஸ்கிரிப்டைத் திறந்தாள். நாலைந்து வரிகளுக்குள்ளேயே கண்டுபிடித்துவிட்டாள். கருவியிலிருந்து எண் வராவிட்டால் முந்தைய எண்ணையே திரும்பப் போடு என்று ஒரு வரி. அந்த வரியைச் செயலிழக்கச் செய்து மறுபடி ஓட்டினாள்.

கோடு முற்பகலோடு நின்றது. அதற்கப்புறம் வெறும் வெள்ளை.

அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல்.

"யாரு என் கோட்டை உடைச்சது?"

திரும்பினாள். கையில் கெட்டிலோடு ஒருவன். நெற்றியில் ஈர முடி. பனிக்கட்டி உருகிய தண்ணீரின் நிறத்தில் கண்கள்... கோபத்தில்கூடக் குழந்தைத்தனத்தை ஒளித்துக்கொள்ளத் தெரியாத கண்கள்.

"நான்தான்" என்றாள்.

"நீங்க யாரு?"

"வேனுக்குக் காத்திருக்கிறவ."

"வேன் வெளியில நிக்கும். இங்க நிக்கறது அரசாங்கக் கம்ப்யூட்டர்."

"உங்க அரசாங்கக் கம்ப்யூட்டர் பொய் சொல்லுது."

"ஓ! மேடம் ஏரியைப் போய்ப் பார்த்துட்டு வந்தீங்களோ?"

"பார்க்கணுமா என்ன? காத்தடிச்சாலே தண்ணி ஆடும். உங்க ஏரி முற்பகல்லேருந்து இஸ்திரி போட்ட மாதிரி கிடக்கு. இது தண்ணி இல்ல சார்... நீங்க எழுதின வரி."

அவன் காது மடல் சிவந்தது. ஒரு கிண்ணத்தை எடுத்து, தேநீரை விளிம்பு வரை, வழிய வழிய ஊற்றி அவள்முன் வைத்தான்.

"விளிம்பு வரைக்கும் ஊத்தறீங்க..." அவளுக்குச் சுருக்கென்றது. "நம்ம வழக்கத்துல அதுக்குக் குடிச்சிட்டுக் கிளம்புன்னுதானே அர்த்தம்?"

"புரிஞ்சா சரி."

"என் அக்கா கஷ்கா-புலாக்குல இருக்கா" என்றாள் அவள். குரல் தானாகவே தணிந்துவிட்டது. "இன்னிக்குத் தொட்டில் விழா. ஊரே அவ முற்றத்துல இருக்கு. அந்த வெள்ளை இடத்துல என்ன நடந்திருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியல. அதனாலதான் கிளம்ப மாட்டேங்கறேன்."

அவன் கெட்டிலைக் கீழே வைத்தான்.

"மழைல ஆன்டெனா அடிக்கடி செத்துப்போகும். போன கோடையிலயும் அப்படித்தான். எண் வரலைன்னா அந்தக் கருவி மைனஸ் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பதுன்னு அனுப்பும். அது அடையாளத்துக்கு. என் ஸ்கிரிப்ட் அதையும் தண்ணி அளவுன்னு நினைச்சுக்கிட்டு, கோட்டைப் பாதாளத்துக்கு இழுத்துட்டுப் போச்சு. ஏரி ஒரேயடியா உடைஞ்சு காலியாயிருச்சுன்னு நினைச்சு நான் சைரனை அழுத்திட்டேன்."

"ஐயோ..."

"கஷ்கா-புலாக் ஜனங்க கிழவங்க, ஆடு, கம்பளி எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு மேட்டுக்கு ஓடினாங்க. ஏரி அது பாட்டுக்குத் தூங்கிட்டு இருந்துச்சு." அவன் சிரிக்க முயன்றான். "சந்தைக்குப் போனா இன்னிக்கும், 'சைரன் தம்பி, இன்னிக்கு ஓடணுமா, இல்ல சாப்பிட்டுட்டு ஓடலாமா?'ன்னு கேக்கறாங்க. நிச்சயம் பேசியிருந்த பொண்ணு வீட்டுலயும் சிரிச்சுக்கிட்டே விலகிட்டாங்க. அதுக்கப்புறம்தான் இந்த வரியை எழுதினேன். இனிமே என் கிராஃப் யாரையும் பயமுறுத்தக் கூடாதுன்னு."

அவளுக்குச் சட்டென்று அவன்மேல் கோபம் போய்விட்டது. அது இருந்த இடத்தில் வேறெதுவோ வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பெயர் வைக்க அப்போது நேரமில்லை.

"கீழ ஆத்துலயும் கருவி இருக்கா?"

"பாலத்துக்கிட்ட இருக்கு. அது நல்லாத்தான் ஓடுது." அவன் இன்னொரு கிராஃபைத் திறந்தான். அதிலும் கோடு தரையோடு படுத்துக் கிடந்தது.

"ஓரத்துல இருக்கற இந்த அளவுகோல் எதுக்குப் பத்து மீட்டர் வரைக்கும் போகுது?"

"எப்பவாவது பெரிய வெள்ளம் வந்தா..."

"அது வர்றப்போ பார்த்துக்கலாம். இவ்வளவு பெரிய கட்டத்துல முழங்கால் அளவு தண்ணி எறும்பு மாதிரிதான் தெரியும். அந்த எல்லையை எடுத்துடுங்க. வர்ற எண்ணுக்கு ஏத்த மாதிரி அதுவே விரிஞ்சுக்கட்டும்."

அவன் உட்கார்ந்து அந்த எல்லை போட்ட வரியை அழித்தான். அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். அவன் சட்டையிலிருந்து மழையும் நிலக்கரிப் புகையும் கலந்த வாசம் வந்தது.

படம் புதிதாக வந்தது. கோடு இப்போது தெளிவாக, சரிந்து சரிந்து இறங்கியது.

"குறையுதே!" அவள் மூச்சு விட்டாள். "அப்பாடா... நல்லதுதானே?"

அவன் பின்கழுத்தில் மயிர் சிலிர்த்ததை அவள் பார்த்தாள்.

"இவ்வளவு மழைல ஆறு ஏறத்தான் செய்யணும்" என்றான் மெதுவாக. "குறையுதுன்னா... மேல எங்கயோ மண்ணு சரிஞ்சு தண்ணியை அடைச்சுக்கிட்டு நிக்குது. அது உடைஞ்சா மொத்தமா கீழ வந்துரும். ஏரிக் கருவி செத்ததும் அதனாலதான்..."

அவன் ஏற்கெனவே போனை எடுத்திருந்தான். மேலதிகாரி சபரின் குரல் புருல்சாவுக்கும் கேட்கும் அளவுக்குக் கரகரத்தது.

"கையில என்னடா ஆதாரம் இருக்கு?"

"ஆறு குறையுது சபர் அண்ணே."

"குறையுதுன்னு யாராவது சைரன் ஊதுவானா? மறுபடியும் ஊரைச் சிரிக்க வைக்காதே. நான் வர்ற வரைக்கும் அந்தப் பொத்தான் பக்கம் கை போகக் கூடாது. போச்சு, வேலையும் போச்சு!"

போனை வைத்தான். சிவப்புப் பொத்தான் சுவரில், ஒரு கண்ணாடி மூடிக்குள் இருந்தது. மூடியைத் திறந்துவிட்டு அப்படியே நின்றான்.

"தப்பா இருந்தா?" அவளைப் பார்த்துத்தான் கேட்டான்.

"தப்பா இருந்தா ரெண்டு பேரும் சேர்ந்து பேச்சு வாங்குவோம்."

"நீங்க பிஷ்கெக் போயிடுவீங்க. நான்தான் இந்தச் சந்தையில ரொட்டி வாங்கணும்."

"போக மாட்டேன்."

ஏன் சொன்னாள்? அவளுக்கே தெரியவில்லை. சொன்ன பிறகு திருப்பி எடுக்கவும் தோன்றவில்லை.

அவன் அழுத்தினான்.

மலையடிவாரத்தில் எங்கோ ஊளை எழுந்திருக்கும். இங்கே கேட்கவில்லை. மழைச் சத்தம்தான். அவள் அக்காவை அழைத்தாள்.

"கேக்குதுடி, கேக்குது!" சைகல் சிரித்தாள். பின்னால் பாட்டு, பாத்திரச் சத்தம். "அந்தக் கோமாளி மறுபடியும் ஆரம்பிச்சுட்டான்னு எல்லாரும் போர்சோக் பலகாரம் தின்னுக்கிட்டு உருண்டு உருண்டு சிரிக்கிறாங்க. நீ எங்க இருக்க? மெத்தை இல்லாம தொட்டில் கட்ட முடியாதே!"

"அக்கா, பிள்ளையைத் தொட்டிலோட தூக்கிக்கிட்டுக் கல்லறை மேட்டுக்குப் போ."

"தொட்டில் விழா அன்னிக்குக் கல்லறையா? வாயைக் கழுவு!"

"அக்கா... அந்தக் கோமாளி என் பக்கத்துலதான் நிக்கறான். வேலை போகும்னு தெரிஞ்சேதான் அழுத்தியிருக்கான். கை நடுங்குது அவனுக்கு. நான் பார்த்துக்கிட்டு இருக்கேன். அக்கா, தூக்கு!"

அந்தப் பக்கம் பாட்டு மட்டும் கேட்டது. பிறகு சைகல் யாரிடமோ, எல்லாரிடமும், தன் முழுக் குரலில் கத்தினாள். "தொட்டில் மேட்டுக்குப் போகுது! விருந்தும் அங்கதான்! பிள்ளையைப் பார்க்கணும்னா எந்திரிச்சு வாங்க!"

சைரனுக்கு அசையாத ஊர் தொட்டிலுக்கு அசைந்தது. பரிசு கொண்டுவந்தவர்கள் பிள்ளை முகம் பார்க்காமல் எப்படி இருப்பார்கள்? திட்டிக்கொண்டே, தட்டுகளைத் தூக்கிக்கொண்டே, மழையில் தொட்டிலுக்குப் பின்னால் நடந்தார்கள் என்று பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அப்போது தெரிந்தது ஒன்றுதான். போன் அறுந்துவிட்டது.

இருவரும் ஆற்றின் கிராஃபுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். புதுப் புள்ளி ஒன்று வந்தது. இன்னும் கீழே. அடுத்தது... இன்னும் கீழே.

"அக்கா பேர் என்ன?" என்றான் அவன்.

"இப்போ பேசாதீங்க."

"பேசலைன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும்."

"சைகல். பிள்ளைக்கு இன்னிக்குத்தான் பேர் வைக்கறாங்க."

அடுத்த புள்ளி திரையின் உச்சிக்குத் தாவியது. கட்டமே விரிந்துகொண்டு, மற்ற கோடெல்லாம் நூல் மாதிரி அடியில் சுருங்கியது. அதற்கடுத்த புள்ளி வரவில்லை. பாலம் போயிருந்தது, கருவியும் போயிருந்தது.

வெள்ளை.

புருல்சா முகத்தை மூடிக்கொண்டாள். அவன் அவளைத் தொடவில்லை. நாற்காலியிலிருந்து இறங்கி, அவள் காலருகே தரையில் உட்கார்ந்தான். விளிம்பு வரை ஊற்றிய கிண்ணம் மேஜையில் அப்படியே ஆறிப்போயிருந்தது. சபர் உள்ளே நுழைந்தவர், திட்ட வாய் திறந்து, திரையைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்.

மழை தூறலாகும்போது போன் அடித்தது.

"வீடு இல்லடி..." சைகல் அழுதாளா, சிரித்தாளா? "ஆட்டுக்கொட்டில் இல்ல, முற்றம் இல்ல, ஒண்ணுமே இல்ல. மண்ணுதான் இருக்கு... தொட்டில் இருக்குடி. எல்லாரும் இருக்கோம். உன் கோமாளிகிட்டச் சொல்லு, ஊர் மொத்தமும் அவனைக் கேட்டுக்கிட்டு இருக்கு."

"என் கோமாளி ஒண்ணும் இல்ல அவரு" என்றாள் புருல்சா, கண்ணீரோடு. எர்மெக் நிமிர்ந்து பார்த்தான்.

அவன் மறுபடி தேநீர் போட்டான். அவள் கிண்ணத்தைக் கழுவினான். இந்த முறை ஊற்றியது பாதிகூட இல்லை.

"என்ன இது? தூள் தீர்ந்துபோச்சா?"

"இல்ல..." அவன் கெட்டிலையே பார்த்தான். "கொஞ்சமா ஊத்தினா சீக்கிரம் தீரும். தீர்ந்தா மறுபடி ஊத்தணும். அதுவும் தீர்ந்தா மறுபடி... நீங்க கிளம்பக் கூடாது. அதாவது... நீ கிளம்பக் கூடாது. எனக்கு இதை வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"பேர்கூடக் கேக்கலையே நீங்க?"

"பேரு என்ன?"

"புருல்சா."

"புருல்சா" என்று சொல்லிப் பார்த்தான், வாயில் சூடு தாங்குமா என்று பார்ப்பவன்போல.

அவள் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள்.

"சேர்ந்து பேச்சு வாங்கலாம்னு சொன்னேன்ல... அதை இன்னிக்கு மட்டும்னு சொல்லல."

*

அவனுடைய நாற்பதாம் நாள் விருந்து முடிந்தபின், ஒரு மழை நாளில் அவள் அந்த அலுவலகத்துக்குப் போனாள். அவன் இடத்தில் புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண் இருந்தாள். வந்திருப்பது யார் என்று அவளுக்குத் தெரியாது. "உட்காருங்க அக்கா, வேன் வர நேரமாகும்" என்றாள்.

வராண்டாவில் திரை மாறியிருந்தது. மேஜை மாறியிருந்தது. ஸ்கிரிப்டைக்கூடப் பலர் திருத்தியிருந்தார்கள், நிறமும் எழுத்தும் வேறு. தெகே ஏரியின் கோடு நெளிந்து ஏறி, ஓரிடத்தில் நின்று, கொஞ்சம் தள்ளி மறுபடி தொடங்கியது.

எண் வராத இடத்தில் யாரும் கோடு போடவில்லை. அது வெள்ளையாகவே இருந்தது.