கண் பார்த்து வாங்கு

அந்தக் கண்களை ஐறீன் திறக்கவில்லை. ஆனால் திறந்திருந்தன.

கணினித் திரையின் மூலையில் இரண்டு வெள்ளை வட்டங்கள், உள்ளே இரண்டு கறுப்புப் பொட்டுகள். மவுஸின் அம்புக்குறி போகும் பக்கமெல்லாம் திரும்பும் விளையாட்டுப் புரோகிராம். ஒருகொடவத்தை மீன் கிடங்கில் கிடக்கும் பழைய யுனிக்ஸ் மெசினில் அது ஓடும். வெள்ளவத்தை ஃபிளாட்டில் இருக்கும் அவளுடைய கணினிக்கு அதன் படம் மட்டும் வரும். இணைப்புச் சரியா என்று பார்க்க எல்லோரும் முதலில் அதைத்தான் திறப்பார்கள். இன்று கணக்கு வேலைக்காக அவள் திறந்தது சரக்கு விபர வின்டோவை மட்டும்.

காலையில் அதையும் உள்ளே விட அவள் கணினி மறுத்தது. எந்தெந்த மெசின் வரலாம் என்று பெயர் சொல்லி அனுமதி கொடுக்க வேண்டுமாம். பின்னால் தொட்டிலில் மகள் சாமினி தூங்கிக்கொண்டிருந்தாள். பிள்ளை எழும்புவதற்குள் வேலை முடிய வேண்டும். “வாசல்ல நிண்டு பேர் கேட்டால் எவன் கடைக்குள்ள வருவான்?” கொட்டாஞ்சேனையில் மீன் விற்ற அப்பா பேதுருவின் வேதம் அது. ஐறீன் ஒரே வரி அடித்தாள்: யாரும் வரலாம்.

போன் அடித்தது. கிடங்குக் காவலர் ரிப்கான்.

“தங்கச்சி, சும்மா மினக்கெட வாணாம். கம்பியூட்டர் மெசினக் கழட்டி வெளிய போட்டாச்சி.”

“எப்ப, ரிப்கான் நானா?”

“நேத்தே. கரண்ட் இல்லாம மீனெல்லாம் கரைஞ்சி, அந்தத் தண்ணி மெசினுக்குள்ள. மூடியத் திறந்தா, அல்லாஹ், புழுவுக்குக் கலியாண வீடு!”

“அப்ப காலமை முழுக்க நான் ஆரோட வேலை செய்தனான்?”

“பேயோட தான். சம்பளத்தக் கூட்டிக் கேளுங்க.” சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

மழைக்காகக் கடல் பக்கத்து யன்னலைச் சாத்தியிருந்தாள். ஆனாலும் நாற்றம் வந்தது. ஐஸ் உருகிய பெட்டியின் அடித்தண்ணீரும் செவுளுக்குள் ஊறிக் கறுத்த இரத்தமும் யாரோ வெறுங்கையால் வழித்துப்போட்ட குடலும் சேர்ந்த நாற்றம், மூக்கைத் தாண்டி இறங்கி, நாக்கின் அடியில் வழுவழுவென்று படிந்தது. லேஞ்சித் துணியில் துப்பினாள். துப்பியது மஞ்சளாக இழுபட்டது.

திரையைப் பார்த்தாள். கண்களின் வெள்ளையும் மஞ்சளாகியிருந்தது. ஓரங்களில் சளி கட்டி, வின்டோவின் விளிம்பைத் தாண்டி வழிந்தது. மீனைக் கண் பார்த்து வாங்கு என்பார் அப்பா. மங்கினால் பழசு. குழிந்தால் புழு.

குழிந்திருந்தன.

வின்டோவை மூடினாள். மறுபடி வந்தது, பெரிதாக. இணைப்பு வயரைப் பிடுங்கினாள். அப்படியே இருந்தது. படம் மட்டும்தான், படம் மட்டும்தான் என்று சொல்லிக்கொண்டாள்.

மவுஸை இடப்பக்கம் இழுத்தாள். கண்கள் திரும்பவில்லை.

அவை அவளுடைய தோளுக்கு மேலாகப் பார்த்தன. கதவை. பிறகு, மெல்ல, கதவிலிருந்து இந்தப் பக்கமாக எதையோ தொடர்ந்தன. பின்னால் தரையில் ஈரச் சாக்கு இழுபடும் சத்தம்.

தொட்டிலுக்கு நேரே கண்கள் நின்றன.

சத்தம் நின்றது.

வின்டோ தானாக மூடியது. திரை வெறுமை. நாற்றமும் இல்லை.

“சாமினி?”

திரும்பினாள். தொட்டிலின் நுளம்பு வலைக்குள் பிள்ளை எழும்பி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. கன்னத்தில் சளி வழிந்தது. கண்கள் மஞ்சள். மங்கி, குழிந்து.

ஐறீனின் கை இன்னும் மவுஸில் இருந்தது. இடப்பக்கம் நகர்ந்தது.

பிள்ளையின் கண்கள் இடப்பக்கம் திரும்பின.