சீனிவெட்டி மாப்பிள்ளை!

"யா அல்லாஹ்! என் புள்ளைய நஞ்சு குடுத்துக் கொன்னுட்டாங்களே!"

பண்டாரவளை லரீபாவின் அலறல் கூரைத் தகட்டைப் பிய்த்துக்கொண்டு போனது.

ஜாபிர் ஹாஜியாரின் பேச்சு பாதியில் நின்றது.

அவர் அப்போது தன் பாட்டனாரின் பெருமையில் இருந்தார். பதுளையில் மருந்துக்கடை திறந்த பாட்டனார்... தோட்டத்துத் துரை குதிரையை விட்டு இறங்கி வந்து சலாம் வைத்த பாட்டனார்...

எதிரே, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை ஹிஷாம் மெல்லச் சரிந்து...

புரியாணிக்குப் பக்கத்திலேயே தலையைச் சாய்த்துவிட்டான்!

அசைவில்லை.

சஹனில் ஒரு பருக்கை கூடக் குறையவில்லை. நாலைந்து பேர் சுற்றியிருந்து ஒன்றாய் உண்ணும் பெருந்தட்டு அது. மூத்தவர் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கை வைக்காமல் இளையவர் தொடக்கூடாது. மூத்தவரோ இன்னும் பாட்டனாரை விட்டு வாப்பாவிடமே வந்து சேரவில்லை!

உள்ளறைத் திரையைத் தள்ளிக்கொண்டு வந்த லரீபா மார்பில் அடித்துக்கொண்டாள்.

"அந்தத் தேத்தண்ணி! அதுலதான் என்னமோ இருந்துச்சு! காலையில இருந்து என் புள்ள வேற எதையும் வாயில வைக்கல்ல! ஊத்தினது யாரு? இவர்ட மகள்!"

ஹாஜியாரின் முதுகு நிமிர்ந்தது. அது சாதாரணமாகவே வளையாத முதுகு.

"நாக்கை அடக்குங்க தங்கச்சி! எங்க குடும்பம் இந்த ஊருக்கு மருந்து குடுத்த குடும்பம். நஞ்சு குடுத்ததில்ல!"

"அப்ப பொலிசைக் கூப்பிடுங்க!"

"பொலிசா? இந்த வாசல்ல ஒரு காக்கிச்சட்டை ஏறினது கிடையாது. இனியும் ஏறாது!"

"அதுதான் சரி நானா!" என்று பாய்ந்து வந்தார் தம்பி றிஸாத்.

அண்ணனின் மருந்துக்கடையில் மொத்த விற்பனையைக் கவனிப்பவர். இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்ததும் அவர்தான். 'நல்ல பொடியன், மருந்து விக்கிற வேலை, நம்ம தொழிலுக்குப் பொருத்தம்' என்று தினமும் அண்ணன் காதில் ஓதி அவசரப்படுத்தியவர்.

"பொலிசும் வேணாம், ஆஸ்பத்திரியும் வேணாம். வெளியில தெரிஞ்சா ஊரே சிரிக்கும். பொடியன் கொஞ்ச நேரத்துல தானா எழும்புவான்."

"எழும்ப மாட்டார், சாச்சா!"

எல்லோரும் திரும்பினார்கள்.

பெண்!

பட்டுச் சல்வாரும், தலையில் முக்காடும், ஒரு கையில் இரத்தத்தில் சீனி பார்க்கும் மெசினும், மறு கையில் இனிப்பான கித்துள் பாணிப் போத்தலுமாக நின்றாள் றுமைஸா. அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்தாளர்.

"மகள்! ஆம்பிளைங்க இருக்கிற இடத்துக்கு..."

"வாப்பா, வெட்கத்தை அப்புறம் படுவோம். உயிர் போய் மவுத்தானவருக்கு வேர்க்குமா? இவருக்குச் சட்டை நனைஞ்சு போய் இருக்கு. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க!"

விரலில் குத்தினாள். மெசின் கீச்சிட்டது.

முப்பத்து நாலு!

"இரத்தத்துல சீனியே இல்ல! ஆம்புலன்ஸுக்குப் போன் அடிச்சாச்சு. தொண்டையில ஊத்தாதீங்க, புரையேறும்!"

பாணியை விரலில் தொட்டுக் கன்னத்தின் உட்புறம் தடவினாள். மறுபடி தடவினாள்.

ஒரு நிமிடம்... இரண்டு...

ஹாஜியார் பாட்டனாரை மறந்து மகளின் விரலையே பார்த்தார்.

மாப்பிள்ளையின் இமை துடித்தது. உதடு அசைந்தது.

"மாமா... இப்ப... எத்தனையாவது தலைமுறை?"

லரீபா மகனைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஹாஜியார் தொண்டையைக் கனைத்தார்.

"மாத்திரை ஏதும் போட்டீங்களா?" என்றாள் றுமைஸா. "சீனி வருத்தத்துக்கு?"

"என் புள்ளைக்குச் சீனியே கிடையாது!" லரீபா சீறினாள்.

"கொஞ்ச நேரத்துக்கு முந்தி உண்மையிலேயே கிடையாதுதான், மாமி. நான் கேக்கிறது அதுக்கு முந்தி."

ஹிஷாம் தலையைத் தொங்கப்போட்டான். மாப்பிள்ளைக்குச் சீனி வருத்தம் என்றால் பெண் தர மாட்டார்கள் என்று தாயும் மகனும் மறைத்திருக்கிறார்கள்! விருந்தின் இனிப்பான வட்டிலப்பத்தைச் சாப்பிடாமல் விட்டால் சந்தேகம் வரும்; சாப்பிட்டால் சீனி ஏறும். ஆகவே முன்கூட்டியே...

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்து நீட்டினான்.

பச்சை லேபிள். மேலே ஒரு மயில். கீழே கொட்டை எழுத்தில் 'சீனிவெட்டி - முழுக்க மூலிகை, பக்கவிளைவு அறவே இல்லை!'

றுமைஸாவின் முகம் மாறியது.

"இதையா போட்டீங்க?"

"ரெண்டு. சாப்பாடு உடனே வரும்னு நெனச்சேன்..."

"சாப்பாடு வந்துச்சு. வாப்பாட பேச்சு அதுக்கு முந்தி வந்துடுச்சு!" தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள். "பாட்டனாரைக் கொஞ்சம் சுருக்கியிருந்தா இவர் விழுந்திருக்க மாட்டார்."

"பெரியவங்களைப் பத்திப் பேசினா விழுறவன்லாம் ஒரு மாப்பிள்ளையா?" என்றார் ஹாஜியார்.

"சிரிக்கிற விசயம் இல்ல, வாப்பா. இந்தப் போத்தலைத்தான் நான் தேடிக்கிட்டிருக்கேன்! கொஸ்லந்தைத் தோட்டத்துல ரெண்டு பொம்பளைங்க கொழுந்து எடுத்துக்கிட்டிருக்கும்போதே சரிஞ்சு விழுந்தாங்க. காலையில பேர் பதியிற பெரட்டுக்கு ஓடுற அவசரத்துல, வெறும் வயித்துல இதைப் போட்டுக்கிட்டு மலையேறியிருக்காங்க. லுணுகலைப் பக்கம் வைரவநாதன்னு ஒரு பெரியவர். அவருக்கு நாங்க எவ்வளவோ செஞ்சு பாத்தோம்... எழும்பவே இல்ல."



"இ... இது மூலிகைதானே?" ஹிஷாம் திக்கினான். "நான் சந்தை நாள்ல விக்கிறேன். குடிச்சவங்க எல்லாம் சீனி இறங்கிருச்சுன்னு கும்பிடுறாங்க..."

"இறங்கத்தானே செய்யும்!"

ஒரு காப்ஸ்யூலைப் பிரித்து வெள்ளைத் தாளில் கொட்டினாள். பச்சைத் தூள். அதற்குள்ளே... திட்டுத் திட்டாக வெள்ளைத் தூள்!

"இலை பச்சை. இந்த வெள்ளை என்ன? எவனோ சீனியை இறக்கிற இங்கிலீஷ் மாத்திரையை அரைச்சுக் கலந்திருக்கான். ஒண்ணுல கொஞ்சம், இன்னொண்ணுல நிறைய. ஒரு மருந்து எப்படி வருதுன்னு தெரியுமா உங்களுக்கு? முதல்ல ஆய்வுகூடம். பிறகு மிருகங்கள். பிறகு சுகமான ஆள்கள் கொஞ்சப் பேர். பிறகு நோயாளிங்க. அதுலயும் யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் மாவுன்னு கொடுக்கிற டொக்டருக்கே தெரியாது. வருசக்கணக்குல பாத்து, எவ்வளவு கொடுத்தாக் குணம், எவ்வளவு கொடுத்தா ஆபத்துன்னு கண்டுபிடிச்சு, அரசாங்கம் அதை அலசி, அப்புறம்தான் பதிவு நம்பர். உங்க போத்தல்ல நம்பர் எங்க?"

"மயில் இருக்கு..."

"அனுமதி குடுத்தது மயிலா?"

ஹாஜியாருக்கு உச்சி குளிர்ந்தது. தேத்தண்ணிப் பழி தீர்ந்தது! மகளின் பேர் தப்பியது! இனி அவர் முறை.

"பாத்தீங்களா தங்கச்சி? நஞ்சு எங்க வீட்டுத் தேத்தண்ணியில இல்ல. உங்க மகன்ட பையில! இப்ப நானே கூப்பிடுறேன் பொலிசை!"

"நானா, அவசரப்படாதீங்க..." றிஸாத் கையைப் பிடித்தார்.

"விடு! மருந்துல கலப்படம் செய்றவன் மனுசனில்ல!"

போனை எடுத்தார். பிரஷர் மாத்திரைக்கு மாதாமாதம் கடைக்கு வரும் இன்ஸ்பெக்டர் திலீபன்தான் மறுமுனையில். பண்டாரவளைச் சம்பந்தி ஒரு சொல் விடாமல் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்!

"சேர், ஒரு கொலைகாரனைப் பிடிச்சுத் தாறேன்! தோட்டத்துச் சனங்களைக் கொல்ற கள்ள மருந்து! அதைச் செஞ்சவன் எந்தக் குடும்பத்துல பிறந்தவனோ, அந்தக் குடும்பம் இனிப் பதுளையில தலை காட்டக் கூடாது!"

"ஆள் யாருங்க, ஹாஜியார்?"

"இருங்க, இப்பவே சொல்றேன்!" ஹிஷாமின் சட்டையைப் பிடித்தார். "சொல்லுடா! உனக்கு இதைச் செஞ்சு கொடுக்கிறது யாரு?"

ஹிஷாமின் கண் ஹாஜியாரைத் தாண்டிப் போனது.

"உங்க... தம்பி!"

இடி!

"பொய்!" றிஸாத் கத்தினார்.

"அல்லாஹ் மேல ஆணையா மாமா! சாமானைக் கொண்டுவந்து தாறது அவர்தான். குடும்பத்துக்குள்ள எடுத்துட்டா நான் வாய் திறக்க மாட்டேன்னுதான் இந்தச் சம்பந்தமே பேசினார். உள்ளே என்ன கலந்திருக்குன்னு சத்தியமா எனக்குத் தெரியாது!"

ஹாஜியார் தம்பியைப் பார்த்தார்.

"காலாவதியான சீனி மாத்திரைப் பெட்டிகள்... எரிக்கச் சொல்லி உன்கிட்டத்தானே கொடுத்தேன்?"

றிஸாத் நெருங்கி வந்தார். குரல் கெஞ்சியது. காதுக்கு மட்டும் கேட்கும் கெஞ்சல்.

"நானா... போனை வைங்க. நம்ம கடை. நம்ம வாப்பாட பேர். நீங்கதானே எப்பவும் சொல்றீங்க, உயிர் போனாலும் குடும்ப மானம் போகக் கூடாதுன்னு!"

ஆம். சொன்னவர்தான். இப்போதும் நம்புகிறவர்தான்.

போன் சூடாக இருந்தது.

"ஹலோ? ஹாஜியார்? ஒரே சத்தமா இருக்கு, பேர் விளங்கல்ல. சொல்லுங்க..."

ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். எல்லாம் மூடிவிடும். கடைப் பலகை அப்படியே இருக்கும்.

லுணுகலையில் அந்தப் பெரியவருக்கும் ஒரு குடும்பம் இருக்குமே? அங்கேயும் ஒரு பேர் இருக்குமே?

ஹாஜியாரின் முதுகு இன்னும் ஒரு அங்குலம் நிமிர்ந்தது.

"எழுதிக்கங்க, சேர். பேர் றிஸாத். என் கூடப் பிறந்தவன். மாத்திரை போனது என் கடையில இருந்து. கடையை நீங்க வந்து சோதிக்கலாம். திறப்புக் கொத்து என் கையில இருக்கு."

றிஸாத் பாய்ந்தார்!

அண்ணன் மேல் அல்ல. போத்தல் மேல்!

மிச்சமிருந்த காப்ஸ்யூல்களை அப்படியே வாயில் கவிழ்த்து, செம்புத் தண்ணீரை மடக்கென்று ஊற்றிக்கொண்டார். தாளில் கிடந்த தூளை ஜன்னலுக்கு வெளியே ஊதித் தள்ளினார்.

"இப்ப சொல்லுங்கடா! எங்க சாட்சி? காட்டுங்க பாப்போம்!"

றுமைஸா பதறவில்லை. இடுப்பில் கையை வைத்தாள்.

"நல்ல வேலை செஞ்சீங்க, சாச்சா! போத்தல்ல இருந்திருந்தா, அது யாருடையதுன்னு கோர்ட்டுல வருசக்கணக்கா இழுத்தடிக்கலாம். இப்ப சாட்சி உங்க இரத்தத்துக்குள்ள ஓடப் போகுது!"

றிஸாத்தின் சிரிப்பு உறைந்தது.

"வெறும் இலைன்னா ஒண்ணும் ஆகாது. நிம்மதியா சாஞ்சு உக்காருங்க. வேற ஏதும் கலந்திருந்தாத்தான், என்ன மாத்திரை, எவ்வளவுன்னு டொக்டருக்கு உடனே சொல்லணும். சொல்லல்லன்னா... வைரவநாதன் ஐயாவுக்கு நடந்ததுதான்."

றிஸாத்தின் நெற்றியில் வேர்வை. மருந்து இன்னும் வயிற்றைத் தாண்டவில்லை. பயம் தாண்டிவிட்டது!

"சொல்றேன் மகள், சொல்றேன்! ஒவ்வொண்ணுலயும் ரெண்டு மூணு மாத்திரை! காலாவதியான பெட்டியில எடுத்தது! நான்தான் அரைச்சேன்! நானே என் கையால கலந்தேன்! என்னைக் காப்பாத்துங்க!"

ஹாஜியாரின் கையில், இன்னும் ஸ்பீக்கரிலேயே இருந்த போன் செருமியது.

"நன்றிங்க, றிஸாத். ஒவ்வொரு சொல்லும் தெளிவாக் கேட்டுச்சு."

கொஞ்ச நேரத்தில் வாசலில் ஆம்புலன்ஸ் ஊளையிட்டது. அதன் பின்னால் ஜீப். ஹாஜியாரின் வாசலில் காக்கிச்சட்டை ஏறியது! அவரே கதவை அகலத் திறந்துவிட்டார்.

றிஸாத்தைத் தூக்கினார்கள். வழியெல்லாம் குளுக்கோஸ், கூடவே விலங்கு.

"இவரும் ஏறணும்," என்று ஹிஷாமைக் காட்டினாள் றுமைஸா. "சீனி மறுபடியும் இறங்கும். ஆஸ்பத்திரியில வச்சுப் பாக்கணும்."

இன்ஸ்பெக்டர் ஹிஷாமின் தோளில் கையைப் போட்டார்.

"ஏறுங்க. வித்தது நீங்கதானே? சாட்சியா, கூட்டாளியாங்கிறதை அங்க பேசிக்குவோம்."

லரீபா தயங்கித் தயங்கி ஹாஜியாரிடம் வந்தாள்.

"நானா... நடந்தது நடந்து போச்சு. என் புள்ள வெளியில வந்த பிறகு... நம்ம சம்பந்தம்?"

ஹாஜியார் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"தங்கச்சி, நாங்க பரம்பரையா மருந்து வியாபாரம். எங்க தொழில்ல ஒரு சட்டம் இருக்கு..."

"என்ன சட்டம்?"

"பழுதான சரக்குன்னு தெரிஞ்சா, தயாரிச்சவங்களே வந்து திருப்பி எடுத்துக்கிட்டுப் போகணும்!"