சொர்ணவல்லியின் வலது கை

படத்தில் சொர்ணவல்லியின் வலது கை மடியில்தான் இருந்தது. அதில் பிரகதாம்பாளுக்குச் சந்தேகமே இல்லை. திருச்சியிலிருந்து சித்திரக்காரர் வந்து அதைக் கூடத்துச் சுவரில் மாட்டியபோது, இரண்டு கைகளும் அரக்குப் புடவையின் மேல் அடங்கிக் கிடந்தன. இன்று காலை கூடம் பெருக்க வந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். வலது கை நாற்காலியின் கைப்பிடியைப் பற்றியிருந்தது.

தம்பி ஆத்மநாதனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"இந்தக் கை முன்னாடி இப்படியாடா இருந்துச்சு?"

"இப்படித்தான் இருந்திருக்கும்க்கா," என்றான் அவன், படத்திலிருந்த மனைவியின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல். பினாங்கில் கடை வைத்திருந்தவன். அவள் கிணற்றில் தவறி விழுந்து செத்த சேதி அவனை எட்டி, அவன் கப்பலேறி வந்து சேர்வதற்குள் காரியமே முடிந்துவிட்டது. மிஞ்சியது கல்யாணப் போட்டோ ஒன்றுதான். அதைக் கொடுத்துத்தான் இந்த ஆளுயரப் படத்தை எழுதச் சொன்னான். "போட்டோவுல கழுத்துக்குக் கீழ ஒண்ணுமே தெளிவா இல்லையாம். கையெல்லாம் அவரா நெனைச்சு எழுதுனதாம். ஆனா அவ கை மாதிரியே இருக்குல்ல?"

இருந்தது. சற்றே வளைந்த சுண்டுவிரல். நகங்களில் பாதி அழிந்த மருதாணி. பார்த்தே இராத மனுஷனுக்கு அது எப்படித் தெரிந்தது?

"செத்தவளையே பாத்துக்கிட்டிருந்தா ஒன் ஒடம்பு என்னத்துக்கு ஆகும்? கழட்டிப் பரண்ல போடு."

"இங்கனதான்க்கா இருக்கணும். அவ வீடுல்ல இது."

அவ வீடு. பிரகதாம்பாள் இடுப்புச் சாவிக்கொத்தைத் தொட்டுக்கொண்டாள். தாலியறுத்துப் பிறந்த வீடு திரும்பிய நாளிலிருந்து அது அவளிடம்தான் இருந்தது. சொர்ணவல்லி வந்து கைநீட்டிக் கேட்கும் வரை.

ஐப்பசி மழை விடாமல் பெய்தது. கறம்பக்குடிச் சந்தைகூடக் கூடவில்லை. வீட்டுக்குள் சாயத்தோடு குழைத்த ஆளிவிதை எண்ணெயின் வாடை அடுப்படி வரைக்கும் பரவி, சோற்றில் ஏறி, அவள் தலைமுடியில் ஒட்டிக்கொண்டது. அந்த வாடைக்கு அடியில், முதலில் லேசாகவும் போகப்போகத் தூக்கலாகவும், பாசியும் ஈரக் கல்லும் கலந்த இன்னொரு வாடை இருந்தது. ஓட்டில் ஒழுக்கு எதுவும் இல்லை. ஆனாலும் கூடத்துப் பக்கமிருந்து சொட்டுச் சத்தம் கேட்டது, ஆழத்தில் விழுகிற சொட்டு, விழுந்து வெகுநேரம் கழித்து எதிரொலிக்கிற சொட்டு.

தம்பி புதுக்கோட்டைக்கு வண்டி கட்டிக்கொண்டு போன அன்று, பொழுது சாயுமுன்பே கூடம் இருண்டது. விளக்கோடு போனாள்.

கை நாற்காலியில் இல்லை.

சட்டத்தின் கீழ்விளிம்புக்கு வந்திருந்தது. நாலு விரலும் மரத்தைக் கவ்விப் பிடித்திருந்தன. கணுக்கள் வெளுத்திருந்தன. முகத்தில் மட்டும் அதே கல்யாணச் சிரிப்பு.

அந்தப் பிடியை அவளுக்குத் தெரியும். பாசி வழுக்கிக் கிணற்றுக்குள் போனவள் மேல்படியின் விளிம்பில் இப்படித்தான் தொங்கினாள். "மதினி, கையக் குடுங்க மதினி." பிரகதாம்பாள் குனிந்தாள். கை கொடுக்கவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தாள். சுண்டுவிரல்தான் கடைசிவரை விடவில்லை.

அரிவாளை எடுத்து வந்தாள். "செத்தும் என் வீட்ட விட்டுப் போக மாட்டியாடி?" படத்தின் நெஞ்சிலிருந்து அடிவரை ஒரே இழுப்பு.

படச்சீலை கிழிந்தது. பின்னால் சுவர் இல்லை.

இருட்டு. கல். குளிர்ந்த காற்று. வெகு கீழே தண்ணீர் அசைந்தது.

கிழிசலின் ஓரத்தை உள்ளிருந்து ஒரு விரல் பற்றியது. சாயம் இல்லை, சதை. ஈரம் சொட்டியது. அடுத்து இன்னொன்று. இன்னொன்று.

அரிவாள் விழுந்தது. அவள் பாய்ந்து விரல்களைப் பிரித்தாள். முதல் விரலை எடுத்தாள். இரண்டாவதை எடுப்பதற்குள் முதல் விரல் மறுபடி பற்றியது. நகத்தால் கீறினாள். கடித்தாள். வாயெல்லாம் பாசி ருசித்தது. விரல்கள் சீலையை விட்டன.

அவள் மணிக்கட்டைப் பிடித்தன.

வாசலில் மாட்டு மணி. கதவு தட்டும் சத்தம். "அக்கா! நனையுறேன், கதவத் தொறங்க!"

சாவிக்கொத்து சட்டத்தில் இடித்துக் குலுங்கியது. அவள் கை முழங்கை வரை உள்ளே போயிருந்தது. பிறகு தோள் வரை. கன்னம் கிழிந்த சீலையில் அழுந்தியது. காதுக்குள், மிகக் கிட்டத்தில், அமைதியான குரல்:

"கையக் குடுத்துட்டீங்களே, மதினி."

அவளுடைய விரல்நுனியில் தண்ணீர் பட்டது.