புதரில் மாட்டிய நீல சைக்கிள்

அவளுக்கு நல்லதாக ஒரு பெயர் இருந்தாலும் எல்லோரும் கூப்பிட்டது மெல்லினம் என்றுதான். தமிழ் ஆசிரியை வைத்த பெயர் அது. அவள் பேசினால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கே பாதிதான் கேட்கும். அவள் தம்பி அதற்கு நேர் எதிர். அவன் ரகசியம் சொன்னால் அடுத்த தெருவிலிருந்து பதில் வரும். அவனுக்கு வல்லினம் என்று பெயர் வைக்க ஆசிரியை யோசிக்கவே இல்லை.

அவர்களுடைய அம்மா மலைச்சாலையைப் பராமரிக்கும் குழுவின் மேற்பார்வையாளர். பெரிய சைக்கிள் பந்தயம் அந்த வழியாக வருகிறது என்று தெரிந்ததும் அவருக்குத் தலைக்கு மேல் வேலை வந்துவிட்டது. பள்ளங்களை அடைத்தார்கள். சரளைக்கல்லைக் கூட்டித் தள்ளினார்கள். வல்லினம்கூட ஒரு மாலை முழுக்கக் கூட்டினான். அவன் கூட்டிய இடத்தை மறுநாள் வேறு ஆள் கூட்ட வேண்டியிருந்தது.

அந்தப் பந்தயம் ஒரே நாளில் முடிகிற விஷயமில்லை. ஒவ்வொரு நாளும் ஓர் ஊரில் தொடங்கி இன்னோர் ஊரில் முடியும். எல்லா நாள் நேரத்தையும் கூட்டிப் பார்த்து, யாருக்குக் குறைவோ அவருக்கே கோப்பை. அன்றைக்கு மலையேறி இறங்கும் நாள். இருப்பதிலேயே கடினமான நாள் அதுதான்.

"கொண்டை ஊசி வளைவுக்கு முன்னாடி, தடுப்புச் சுவருக்குப் பின்னால ஒரு மேடு இருக்குல்ல, அங்கேயே நில்லுங்க," என்றார் அம்மா. "என்ன நடந்தாலும் ரோட்டுல கால் வைக்கக் கூடாது."

"என்ன நடந்தாலுமா?" என்றான் வல்லினம்.

"வானமே இடிஞ்சு விழுந்தாலும்."

அப்படிச் சொல்லிவிட்டு அவர் கொடியை எடுத்துக்கொண்டு கீழ் வளைவுக்குப் போய்விட்டார்.

மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கியது. கூடவே தூறல். பார்க்க வந்தவர்களெல்லாம் மலை உச்சிக்கும் பந்தயம் முடியும் ஊருக்கும் போய்விட்டார்கள். அந்த வளைவில் அக்காவும் தம்பியும் மட்டும்தான்.

முதல் கூட்டம் வந்தது. தேன்கூட்டைக் கலைத்த மாதிரி ஒரு 'உர்ர்' சத்தம். வண்ண வண்ணச் சட்டைகள் பனிக்குள்ளிருந்து பாய்ந்து வந்து, வளைந்து, பனிக்குள்ளேயே போய்விட்டன. போகிற போக்கில் ஒருவர் வீசிய காலித் தண்ணீர் பாட்டில் சுவரைத் தாண்டிப் புல்லில் விழுந்தது.

"எனக்கு!" என்று பாய்ந்தான் வல்லினம். இருவரும் புல்லுக்குள் தேடினார்கள். அப்போது வளைவுப் பக்கம் ஏதோ சடசடத்தது. பறவையாக இருக்கும் என்று நினைத்தாள் மெல்லினம்.

பாட்டில் கிடைக்கவில்லை. அவள் நிமிர்ந்தாள். பச்சைச் சட்டை போட்ட ஒருவர் தனியாக வந்துகொண்டிருந்தார். முன்னால் போன கூட்டத்தைப் பிடிக்கத்தான் அவ்வளவு வேகம். வளைவில் சாய்ந்தார். பின்சக்கரம் வழுக்கியது. சைக்கிள் சுவரில் மோதியது. யாரோ சட்டையைப் பிடித்துத் தூக்கி எறிந்ததுபோல அவர் சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் போனார். சைக்கிளும் கூடவே போனது.

கிளை முறியும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

யாராவது கத்துவார்கள் என்று மெல்லினம் காத்திருந்தாள். யாரும் கத்தவில்லை. அடுத்த கூட்டம் வந்தது. அதே 'உர்ர்' சத்தத்தோடு அதே இடத்தில் வளைந்து போனது. ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சாலை மறுபடியும் காலியாக, சுத்தமாக, ஒன்றுமே நடக்காததுபோல இருந்தது.

அவள் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். நிஜமாகவே பார்த்தோமா என்றுகூடத் தோன்றியது.

"அக்கா, ஏன் இப்படி நிக்கிற? பேயறைஞ்ச மாதிரி இருக்கே," என்றான் வல்லினம்.

"விழுந்துட்டார்," என்றாள்.

"என்னது? சத்தமா சொல்லு."

அவள் சொல்லவில்லை. அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சுவருக்குப் பின்னாலேயே ஓடினாள்.

வளைவுக்குக் கீழே செங்குத்தான சரிவு. சுவரை ஒட்டிய புதரில் ஒரு சைக்கிள் மாட்டித் தொங்கியது. அதற்கும் கீழே, ஒரு மரத்தடியில், பச்சைச் சட்டைக்காரர் ஒருக்களித்துக் கிடந்தார். அசைவே இல்லை.

வல்லினத்துக்கு முதல் தடவையாகப் பேச்சு வரவில்லை. பிறகு, "நான் இறங்கிப் பார்க்கிறேன்," என்று ஒரு காலைத் தூக்கினான். மெல்லினம் அவன் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தாள்.

"வழுக்கும்டா. நீயும் விழுந்தா உன்னையும் சேர்த்துத் தூக்கணும். நீ இங்கேயே நின்னு அவர்கிட்ட பேசு. சத்தமா பேசு. நிறுத்தாதே."

"என்ன பேசறது?"

"என்ன வேணும்னாலும்."

அவனுக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது வாய்ப்பாடு ஒன்றுதான். "ஓர் பதினாறு பதினாறு," என்று மலையே அதிர ஆரம்பித்தான்.

மெல்லினம் மேட்டுக்கு ஓடி வந்தாள். ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. அவள் இரண்டு கையையும் உயர்த்தி ஆட்டினாள். அதை ஓட்டியவர் சந்தோஷமாகத் திருப்பிக் கையாட்டிவிட்டுப் போனார். ஒரு மஞ்சள் கார் வந்தது. அவள் குதித்துக் குதித்துக் கையாட்டினாள். காருக்குள் இருந்தவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டி, ஹாரன் அடித்துவிட்டுப் போனார்.

காலையிலிருந்து இந்த மலையில் எல்லோரும் கையாட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவள் இன்னும் எத்தனை பேருக்குக் கையாட்டினாலும் அத்தனை பேரும் சிரித்துக்கொண்டே போவார்கள்.

சாலையில் இறங்கி நின்றால் நிறுத்துவார்களா? இந்தப் பனியில் முதலில் அவளைப் பார்க்க வேண்டுமே. அம்மா சொன்னதும் காதில் ஒலித்தது.

அவள் மறுபடி வளைவுக்கு ஓடினாள். சுவர்மேல் குப்புறப் படுத்து, கையை நீட்டிப் புதரில் தொங்கிய சைக்கிளைப் பிடித்தாள். அசையாது என்று நினைத்து முழு பலத்தோடு இழுத்தாள். அது நாற்காலியைவிட லேசாக வந்துவிட்டதில் அவளே மல்லாந்து விழப் பார்த்தாள். சமாளித்து, அதைச் சுவரின்மேல் தூக்கி நிறுத்திப் பிடித்துக்கொண்டாள். கையாட்டவில்லை. சிரிக்கவில்லை.

ஆள் இல்லாத பந்தய சைக்கிளைப் பார்த்துவிட்டு யாரும் சிரித்துக்கொண்டே போக மாட்டார்கள்.

கூரையில் சைக்கிள்களை அடுக்கிய நீலக் கார் ஒன்று வந்தது. கடந்துபோனது. பிரேக் கிறீச்சிட்டது. போன வேகத்தில் பின்னாலேயே வந்தது. எண்ணெய்க் கறைச் சட்டை போட்ட ஒரு பெண் குதித்து இறங்கினார். பந்தயத்தில் ஓடும் ஓர் அணியின் மெக்கானிக்.

"இது நம்ம வண்டி. ஓட்டினவர் எங்கே?"

மெல்லினம் கீழே கை காட்டினாள். பனி இன்னும் அடர்ந்திருந்ததால் மரத்தடியில் ஓர் உருவம் மட்டும்தான் மங்கலாகத் தெரிந்தது. பின்னால் வந்த பயிற்சியாளரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "வயர்லெஸ்ல கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். பனியில சிக்னல் போயிடுச்சுன்னு நினைச்சேன்," என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

சற்று நேரத்தில் அந்த இடமே மாறிவிட்டது. கார்களை நிறுத்தினார்கள். மருத்துவர் வந்தார். மீட்புக் குழுவினர் சுவரில் கயிற்றைக் கட்டினார்கள். மெக்கானிக்கும் அவர்களோடு இறங்கினார். இத்தனைக்கும் நடுவில் வல்லினம் வாய்ப்பாட்டை நிறுத்தவில்லை.

"பதினாறெட்டு நூத்திப் பதினெட்டு!"

"நூத்தி இருபத்தெட்டு," என்று கீழேயிருந்து ஒரு முனகல் வந்தது.

"உயிர் இருக்கு!" என்று கத்தினான் வல்லினம். பயிற்சியாளர் தலையில் கைவைத்துச் சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

அப்போது கீழேயிருந்து மெக்கானிக்கின் குரல் வந்தது.

"சார், இவர் நம்ம ஆள் இல்லை. பச்சைச் சட்டை. வேற அணி."



மெல்லினம் தன் கையில் இருந்த சைக்கிளைப் பார்த்தாள். நீலம். அவள் பார்த்தவர் பச்சைச் சட்டை. அவருடைய சைக்கிள் அவரோடு சேர்ந்துதான் கீழே போனது. அதைக் கண்ணால் பார்த்தாளே. அப்படியானால் இதை ஓட்டி வந்தவர் எங்கே? புல்லில் பாட்டில் தேடும்போது கேட்ட அந்தச் சடசடப்பு அவள் காதுக்குள் மறுபடி கேட்டது.

"இன்னொருத்தர் இருக்கார்," என்றாள்.

யாருக்கும் கேட்கவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். "நம்ம ஆள் முன்னாடியே போயிருப்பான், வேற சைக்கிள் வாங்கிக்கிட்டு." "யார் கொடுத்திருப்பாங்க?" "முதல்ல இவரை ஏத்துங்க."

மெல்லினம் பயிற்சியாளரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். உட்கார்ந்திருந்தவர் தலையைச் சாய்த்தார். அவள் அவர் காதருகே போய், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "நான் பார்த்தது பச்சைச் சட்டை மட்டும்தான். இந்த சைக்கிள் அதுக்கு முன்னாடியே புதர்ல இருந்திருக்கு. உங்க ஆளும் கீழேதான் இருக்கார்."

பயிற்சியாளர் எழுந்த வேகத்தில் அவர் தொப்பி பறந்தது.

மரத்துக்கும் கீழே, பாறைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தில் அவரைக் கண்டுபிடித்தார்கள். நீலச் சட்டை. நினைவில்லை, ஆனால் மூச்சு இருந்தது. மேலேயிருந்து பார்த்தால் அந்தப் பள்ளம் தெரியவே தெரியாது. பச்சைச் சட்டைக்காரரை மட்டும் ஏற்றிக்கொண்டு எல்லோரும் போயிருப்பார்கள் என்பதை நினைக்கவே அங்கிருந்தவர்களுக்குப் பயமாக இருந்தது.

அம்மா மூச்சிரைக்க ஓடி வந்தபோது ஆம்புலன்ஸ்கள் கிளம்பிக்கொண்டிருந்தன. வளைவில் ஆள் விழுந்த செய்தி மட்டும்தான் அவருக்குக் கிடைத்திருந்தது. ஆள் யார் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு பிள்ளைகளையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தார். கை, கால், தலை. பிறகு இன்னொரு தடவை முதலிலிருந்து.

"ரோட்டுல இறங்கினீங்களா?" என்றார் கடைசியில்.

"இல்லம்மா," என்றாள் மெல்லினம். "வானம் இடிஞ்சுதான் விழுந்துச்சு. ஆனா இறங்கலை."

பந்தயம் முடிந்த மறுநாள் மூவரும் மருத்துவமனைக்குப் போனார்கள். இருவருக்கும் ஒரே அறை. பச்சைச் சட்டைக்காரருக்குத் தோள்பட்டையில் கட்டு. நீலச் சட்டைக்காரருக்குக் காலிலும் விலாவிலும் கட்டு. அந்த நாளில் யார் ஜெயித்திருப்பார்கள் என்று இருவரும் வாக்குவாதம் பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

நீலச் சட்டைக்காரர் மெல்லினத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நான் விழுந்ததை யாருமே பார்க்கலையாமே?"

"ஆமா. நானும் பார்க்கலை."

"அப்புறம் எப்படிம்மா கண்டுபிடிச்சே?"

"உங்க சைக்கிள் அங்கே இருந்துச்சே. அது மட்டும் தனியா மலையேறி வந்திருக்காதுல்ல?"

அவர் சிரிக்க ஆரம்பித்தார். விலா வலித்தது. வலிக்க வலிக்க இன்னும் சிரிப்பு வந்தது. பக்கத்துக் கட்டிலிலும் அது தொற்றிக்கொண்டது. சத்தம் கேட்டு வந்த நர்ஸ் இடுப்பில் கைவைத்து நின்று, "நோயாளியைச் சிரிக்க வைக்கிறவங்க எல்லாம் வெளியே போங்க," என்றார்.

மூவரும் வெளியே வந்து நின்றார்கள். நர்ஸ் கதவை அழுத்திச் சாத்தினார். அதற்குப் பிறகும் உள்ளேயிருந்து, "ஐயோ விலா, ஐயோ விலா," என்ற சிரிப்பு கேட்டுக்கொண்டே இருந்தது.